இரண்டு கையெழுத்து, ஒரு ஃபிளாட், மூன்று விலை

விவாகரத்துப் பேச்சில் பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்பதுகூட ஒருவழியாக முடிவுக்கு வந்துவிடும். ஜீவனாம்சம் எவ்வளவு என்பதும் நாலைந்து சுற்று இழுபறிக்குப் பிறகு ஓர் எண்ணில் வந்து நிற்கும். கடைசியில் எல்லாம் ஃபிளாட்டில் வந்து முட்டிக்கொள்ளும்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே குடும்ப நல நீதிமன்றங்களும் இருக்கின்றன. 2005-இல் தொடங்கிய சமரச மையமும் இருக்கிறது. அங்கே நடக்கும் பேச்சுவார்த்தைகளில் மேசைக்கு இந்தப் பக்கம் சொல்லும் வீட்டு விலைக்கும் அந்தப் பக்கம் சொல்லும் விலைக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. "பக்கத்து பிளாக்ல எண்பதுக்குப் போச்சு" என்பார் ஒருவர். "கைடுலைன்படி பார்த்தா ஐம்பதுதான்" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வீட்டை வைத்துக்கொள்ளப் போகிறவருக்குக் குறைந்த விலை கண்ணில் படுகிறது. விட்டுவிட்டுப் போகிறவருக்குக் கூடின விலை காதில் விழுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்யாணத்தின்போது எத்தனை பவுன், எத்தனை கிராம் என்று தராசு வைத்துப் பார்த்த குடும்பங்கள், பிரியும்போது அத்தனையிலும் பெரிய சொத்தின் விலையை வாய்க்கு வந்தபடி பேசுவது விசித்திரம்தான். முறையாகப் பதிவு பெற்ற ஒரு மதிப்பீட்டாளரை, அதாவது வேல்யூவரை, கூப்பிட்டு அளந்து, எழுதி வாங்குவது சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. அது இல்லாமல் லட்சக்கணக்கில் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அதிலும் பெண்கள்தான் அதிகம் இழக்கிறார்கள் என்பது என் எண்ணம். வீட்டுக் கடன் கணக்கையும் பத்திரத்தையும் பெரும்பாலும் ஆண்கள்தான் கையாண்டிருப்பார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். சட்டம் வீட்டை எப்படிப் பார்க்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பத்திரத்தில் யார் பெயர்?

விவாகரத்து என்றால் சொத்தில் பாதி மனைவிக்கு வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வெளிநாட்டுப் படங்கள் பார்த்த பழக்கமோ என்னவோ. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. போர்ச்சுக்கீசியர் காலத்து சிவில் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கும் கோவா ஒரு விதிவிலக்கு. அங்கே கணவன் மனைவி சொத்து பொதுச் சொத்து என்பதுதான் அடிப்படை. மற்ற இடங்களில் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ வீடு அவருடையது. கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர வழிசெய்யும் திருத்த மசோதா ஒன்று 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமலே அது காலாவதியாகிப் போனது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்புச் சொன்னார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட குடும்பம் அது. வேலைக்குப் போகாத மனைவியின் உழைப்பும் சொத்து சேர்த்ததில் ஒரு பங்களிப்புதான், எனவே அந்தச் சொத்தில் அவருக்கும் சமபங்கு உண்டு என்றது தீர்ப்பு. அது விவாகரத்து வழக்கு அல்ல, சொத்து வழக்கு. இருந்தாலும் அதற்குப் பிறகு சமரசப் பேச்சில் உட்காரும் பெண்களின் வக்கீல்களுக்குக் கையில் பிடிக்க ஒரு கயிறு கிடைத்தது.

கூட்டுப் பெயரில் வாங்கிய ஃபிளாட் என்றால் கதை வேறு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால் அந்த விகிதம். ஆதாரம் இல்லையென்றால் சமபங்கு என்றே கொள்ள வேண்டும் என்கிறது சொத்து மாற்றச் சட்டம். முழுக்கக் கணவன் பெயரிலேயே இருந்தாலும் அதன் விலை மனைவிக்குத் தேவைதான். இந்துத் திருமணச் சட்டத்தின் 25-வது பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் நிர்ணயிக்கும்போது இரு தரப்பின் வருமானத்தோடு சொத்தையும் நீதிமன்றம் பார்க்கிறது. தேவைப்பட்டால் அந்தத் தொகைக்கு வீட்டையே பொறுப்பாக்கவும் செய்யலாம். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பத்திரத்தில் வீட்டுக்கு நேரே ஓர் எண் எழுத வேண்டும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எதிர்த்தரப்பு கேட்காமல் விட்டால் அதுவே நிலைத்துவிடும்.

ஒரே வீடு, பல விலை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மடிப்பாக்கம் பக்கம் 2009-இல் வாங்கிய 1,000 சதுர அடி ஃபிளாட். யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு 500 சதுர அடி. கட்டடத்துக்கு வயது 16. விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. தெருவுக்குத் தெரு மாறும்.

அக்கம்பக்கத்தில் இதே வயதுள்ள ஃபிளாட்டுகள் சதுர அடி 7,000 ரூபாய்க்குப் போகின்றன என்றால், ஒப்பீட்டு முறையில் இதன் விலை 70 லட்சம். இன்னொரு முறை நிலத்தையும் கட்டடத்தையும் தனித்தனியாகப் பார்ப்பது. மனை விலை சதுர அடி 8,500 என்றால் 500 சதுர அடிக்கு 42.5 லட்சம். இன்றைக்குக் கட்டினால் சதுர அடிக்கு 2,400 ஆகும் என்று வைத்தால் கட்டடம் 24 லட்சம். கான்கிரீட் கட்டடத்துக்கு 60 ஆண்டு ஆயுள், கடைசியில் 10 சதவீதம் மிச்ச மதிப்பு என்ற வழக்கமான கணக்கில் 16 ஆண்டுக்குத் தேய்மானம் 24 சதவீதம். மிச்சம் 18.24 லட்சம். நிலமும் கட்டடமும் சேர்ந்தால் 60.74 லட்சம். முறையை மாற்றினாலே 9 லட்சம் எங்கோ போய்விடுகிறது. பழைய ஃபிளாட்டாக இருந்து யுடிஎஸ் தாராளமாக இருந்தால் இது தலைகீழாகவும் ஆகும். மறுகட்டுமானப் பேச்சு அடிபடும் பழைய குடியிருப்புகளில் நிலப் பங்குதான் விலையே.

மதிப்பீட்டு அறிக்கையின் கடைசிப் பக்கம் இதைவிடச் சுவாரசியம். வங்கிக்கு எழுதிப் பழகிய வேல்யூவர்கள் அங்கே ஒரு விலை எழுதமாட்டார்கள், மூன்று எழுதுவார்கள். நியாயமான சந்தை மதிப்பு 70 லட்சம். கைக்கு வரக்கூடிய மதிப்பு அதில் 90 சதவீதம். அவசரமாக விற்றால் கிடைக்கும் மதிப்பு 80 சதவீதம், அதாவது 56 லட்சம். இந்த மூன்றாவது எண், கடன் கட்டாதவரின் வீட்டை ஏலம் விட்டால் என்ன தேறும் என்று வங்கி தெரிந்துகொள்வதற்காக. மணமுறிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் வீட்டை வைத்துக்கொள்ளப் போகிறவர் மேசையில் அறிக்கையைப் போட்டு விரல் வைத்துக் காட்டும் எண் அதுவாகத்தான் இருக்கும். கடன் பாக்கி 6 லட்சம் என்றால், 70-ஐ வைத்துப் பார்த்தால் வெளியேறுகிறவரின் பாதி 32 லட்சம். 56-ஐ வைத்தால் 25 லட்சம். ஒரே அறிக்கை, ஒரே முத்திரை, 7 லட்சம் வித்தியாசம்.

கைடுலைன் மதிப்பைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அது முத்திரைத் தீர்வை வசூலிக்க அரசு வைத்திருக்கும் அடிமட்ட விலை. 2017 ஜூனில் தமிழ்நாட்டில் அதை ஒரே உத்தரவில் 33 சதவீதம் குறைத்தார்கள். அன்றைக்கு எந்த வீடும் மூன்றில் ஒரு பங்கு விலை இறங்கிவிடவில்லை. பிறகு ஏற்றினார்கள்; அப்போதும் சந்தையில் விலை ஒரே நாளில் எகிறிவிடவில்லை. பிரச்சினை என்னவென்றால், பலரும் கைடுலைனை ஒட்டியே பத்திரம் பதிந்து மிச்சத்தை ரொக்கமாகக் கைமாற்றிக்கொள்வதால், சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுக்கும் பக்கத்து வீட்டுப் பத்திர நகலும் உண்மை விலையைச் சொல்வதில்லை. நல்ல வேல்யூவர் அந்தப் பத்திரங்களோடு நிற்கமாட்டார். தெருவில் விசாரிப்பார், புரோக்கர்களிடம் கேட்பார், வங்கி கடன் கொடுத்த அண்மைக் கிரயங்களைப் பார்ப்பார்.

வேல்யூவர் வரும் நாள்

அவர் வந்து போக ஒரு மணி நேரம் ஆகும். லேசர் மீட்டரைச் சுவரில் வைத்து ஒவ்வோர் அறையாக அளப்பார். அனுமதி வரைபடத்தை விரித்து ஒப்பிட்டுப் பார்ப்பார். பால்கனியை அடைத்து அறையாக்கியிருந்தால் அங்கேயே குறிப்பு எழுதுவார், ஏனென்றால் அனுமதியில்லாத இடத்துக்கு விலை போட முடியாது. சமையலறை, குளியலறை, மொட்டைமாடி, கார் நிறுத்துமிடம் என்று வரிசையாகப் படம். இருப்பிடம், தேதி பதியும்படி வாசலில் ஒன்று. கீழே இறங்கும்போது வாட்ச்மேனிடம் தண்ணீர் எப்படி, மழையில் தேங்குமா என்று இரண்டு கேள்வி.

சாதாரண நாளில் இதில் ஒன்றுமில்லை. பிரியும் தம்பதியின் வீட்டில் இதே ஒரு மணி நேரம் வேறு மாதிரி இருக்கும். வீட்டை வைத்துக்கொள்ள நினைக்கிறவர் வேல்யூவரை நேராகக் குளியலறைக்குக் கூட்டிப்போய் ஓதம் அடித்த சுவரைக் காட்டுவார். "மேல் வீட்டுத் தண்ணி சார், எத்தனையோ தடவை சொல்லியாச்சு." பங்கு வாங்கிக்கொண்டு போக நினைக்கிறவர் மாடுலர் கிச்சனைத் திறந்து திறந்து மூடுவார். "இதுக்கே நாலு லட்சம் ஆச்சு சார்." இத்தனை வருடமாக ஒழுகுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர் அன்றைக்கு ஒழுகலின் வரலாற்றையே சொல்வார். அனுபவமுள்ள வேல்யூவர் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுத் தன் குறிப்பை எழுதிக்கொண்டிருப்பார். ஓதத்துக்குச் சரிசெய்யும் செலவைக் கழிப்பார், அவ்வளவுதான். நாலு லட்சம் போட்டுச் செய்த கிச்சனுக்கு மறுவிற்பனையில் நாலு லட்சம் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு பேரும் வீட்டில் இருப்பது நல்லது. பேச்சுவார்த்தையே இல்லை என்றால் ஆளுக்கொரு பிரதிநிதி இருக்கலாம். ஒருவர் மட்டும் இருந்து காட்டிய வீட்டுக்கு எழுதிய அறிக்கையை மற்றவர் நம்பமாட்டார். நம்பாத அறிக்கைக்குச் செலவழித்த காசு தண்டம்.

யாரைக் கூப்பிடுவது?

பெயர்ப்பலகையில் 'வேல்யூவர்' என்று போட்டிருக்கும் எல்லோரையும் அல்ல. இரண்டு வகைப் பதிவு உண்டு. 1957-ஆம் ஆண்டின் செல்வ வரிச் சட்டத்தின்கீழ் வருமான வரித்துறையில் பதிந்தவர்கள் ஒரு வகை. வரியே ஒழிந்துபோன பின்னும் அந்தப் பதிவு மட்டும் உயிரோடு இருப்பது நம் நாட்டுக்கே உரிய அதிசயம். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி திவால் மற்றும் நொடிப்பு வாரியத்தில், அதாவது ஐபிபிஐ-யில், 'நிலமும் கட்டடமும்' என்ற பிரிவில் தேர்வெழுதிப் பதிந்தவர்கள் இன்னொரு வகை. வழக்கு வரை போகலாம் என்று தோன்றினால், குறுக்கு விசாரணைக்கு வந்து நிற்கக்கூடியவரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் அறிக்கை தானாகப் பேசாது. எழுதினவர் கூண்டேறி, எந்தக் கிரயத்தோடு ஒப்பிட்டீர்கள், ஏன் இந்தத் தேய்மானம் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பீரோவில் இருக்கும் பழைய அறிக்கையை எடுத்து நீட்டுகிறவர்கள் உண்டு. அதில் முதல் பக்கத்தில் 'நோக்கம்' என்று ஒரு வரி இருக்கும், அதைப் படிக்க வேண்டும். பையனின் அமெரிக்க விசாவுக்கு வாங்கிய அறிக்கை என்றால் எண் கொஞ்சம் கொழுகொழுவென்று இருக்க வாய்ப்புண்டு. வங்கிக் கடனுக்கு எழுதியது வேறு மாதிரி இருக்கும். பிரிவினைக்கென்று, இன்ன தேதிக்கு என்று புதிதாக எழுதி வாங்குவதே சரி. அந்தத் தேதியிலும் ஒரு சண்டை உண்டு. பிரிந்து தனியே போன நாளா, மனு போட்ட நாளா, இன்றைய நாளா? நம் சட்டத்தில் இதற்கு ஒரே விடை எழுதிவைக்கவில்லை. வழக்கு ஆறேழு வருடம் இழுத்துவிட்டால் இந்தக் கேள்வி மட்டுமே பல லட்சம் பெறும். வேல்யூவரை அழைக்கும் முன்பே இரு வக்கீல்களும் தேதியை எழுத்தில் ஒத்துக்கொள்வது நல்லது.

ஆளுக்கொரு வேல்யூவர் வைத்து இரண்டு எண்களையும் கூட்டி இரண்டால் வகுப்பது நாம் அடிக்கடி செய்யும் சமரசம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சராசரி போடப் போகிறார்கள் என்று தெரிந்தால் ஒருவர் இன்னும் ஏற்றுவார், மற்றவர் இன்னும் இறக்குவார். இருவரும் சேர்ந்து ஒருவரை நியமித்துக் கட்டணத்தையும் பாதிப்பாதி போட்டுக்கொள்வதுதான் மேல். அது நடக்காவிட்டால் நீதிமன்றமே ஆணையர் ஒருவரை நியமித்துச் சந்தை மதிப்பை அறிந்துவரச் சொல்லலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 26-வது கட்டளையில் அதற்கு நேரடியாகவே இடமிருக்கிறது.

எதிலும் ஒத்துப்போகாதவர்களுக்கு 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இருக்கிறது. ஃபிளாட்டை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. பாதிப் பங்கு உள்ள ஒருவர் விற்றுவிடச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்டால், மற்றவர் "அந்தப் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். நீதிமன்றம் மதிப்புப் போட்டு அந்த விலைக்கு அவருக்குத் தர வேண்டும். இப்படி வாங்கக் கேட்கிற பங்குதாரர்கள் ஒருவருக்கு மேல் இருந்தால், மதிப்புக்கு மேல் யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். ஆனால் குறைத்து விலை சொன்னவரைப் பார்த்து "அந்த விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேனே" என்று கேட்க வைக்கும் வித்தை அதில் இருக்கிறது. சமரச மேசையிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விலை சட்டென்று நியாயத்துக்கு வரும்.

முன்பணத்துக்குப் போன நகை

நம் ஊர் ஃபிளாட்டுகளின் அஸ்திவாரத்தில் நிறையத் தங்கம் புதைந்திருக்கிறது. 2009-இல் 32 லட்சத்துக்கு வாங்கிய அந்த ஃபிளாட்டுக்கு, மனைவி 30 சவரன் விற்று முன்பணம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய சவரன் விலை 11,000 என்றால் 3.3 லட்சம், வாங்கின விலையில் சுமார் 10 சதவீதம். ஃபிளாட் இன்று 70 லட்சம் என்றால் அந்தப் பத்து சதவீதத்துக்கு வருவது 7 லட்சம். அந்த நகை பீரோவிலேயே இருந்திருந்தால் இன்று அதன் விலை 20 லட்சத்துக்கும் மேல். எந்தக் கணக்கை எடுப்பது?

மனைவியின் சீதனம் அவருக்கு மட்டுமே உரியது, கணவன் அதை வைத்திருப்பது ஒப்படைத்த பொருளைக் காத்து வைத்திருப்பது போன்றதே என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் விற்று வீடாகிவிட்ட நகைக்கு வேல்யூவரின் அறிக்கையில் இடமில்லை. அவர் சுவரையும் மனையையும் அளப்பார். அதற்குள் எவருடைய வளையல் இருக்கிறது என்பது அவர் வேலை அல்ல. அடகுக்கடை ரசீது, நகைக்கடை பில், வங்கிக் கணக்கில் அந்தத் தொகை விழுந்த நாள், மறுநாள் பில்டருக்குப் போன காசோலை இவற்றைத் தேடி எடுத்து அறிக்கையோடு இணைக்க வேண்டியது வக்கீலின் வேலை. மாமியார் பெயரில் வாங்கி, மருமகளும் சேர்ந்து தவணை கட்டின வீடுகளில் இன்னும் சிக்கல். அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி கேட்கலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் அதைப் பெரிதாகவே விரித்துச் சொல்லியிருக்கிறது. குடியிருக்கலாம் என்பது வேறு, பங்கு என்பது வேறு.

கையெழுத்தின் வரிசை

விலை முடிவானபின் பத்திரம். சட்டப்படி கணவன் மனைவியாக இருக்கும்வரை ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு செட்டில்மென்ட்டாக எழுதிக்கொடுத்தால், தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால் இருவரும் ஒரே குடும்பம் அல்ல. கிரயத்துக்கு 7 சதவீதமும் 2 சதவீதமும் என்ற சாதாரணக் கணக்குத்தான். பாதிப் பங்கின் கைடுலைன் 25 லட்சம் என்றால், 35,000 ரூபாயில் முடிய வேண்டியது 2.25 லட்சமாகிவிடும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. செட்டில்மென்ட் பத்திரத்தில் ஆவண எழுத்தர்கள் வழக்கமாக எழுதுவது, உங்கள்மேல் எனக்குள்ள அன்பையும் பிரியத்தையும் முன்னிட்டு எழுதிக்கொடுக்கிறேன் என்றுதான். குடும்ப நல நீதிமன்றத்தில் 'சேர்ந்து வாழவே முடியாது' என்று மனுப் போட்ட அதே இரண்டு பேர், சார்பதிவாளர் முன்னிலையில் அதில் கைரேகை வைத்துவிட்டு வருவார்கள்.

செட்டில்மென்ட் என்பது கைமாறு இல்லாமல் கொடுப்பது. பங்குக்குப் பதிலாகப் பணம் தரும்போது அதை எந்த ஆவணத்தில் எப்படி எழுதுவது என்பதை ஆவண எழுத்தரிடம் விட்டுவிடாமல் வக்கீலிடம் கேட்டுச் செய்ய வேண்டும். வழக்குக்கே உட்பட்ட சொத்தாக வீட்டைச் சேர்த்து, சமரசத் தீர்ப்பிலேயே அதை மாற்றிக்கொண்டால் தனியாகப் பதிவு தேவையில்லை என்ற வழியும் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவில் இருக்கிறது. பிற்பாடு வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரி முழுதும் வைத்துக்கொண்டவர் தலையில்தான் விழும்; பங்கைப் பேசும்போதே அதைக் கணக்கில் எடுக்கச் சொல்லி அவர் கேட்பது நியாயம்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. பரஸ்பர சம்மத மனுவில் முதல் மனுவுக்கும் இரண்டாவதற்கும் நடுவே 6 மாதம். 2017-க்குப் பிறகு தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாம். அந்த இடைவெளிதான் மதிப்பீடு, கடன், பத்திரம் மூன்றையும் முடிக்கத் தோதான காலம். ஆனால் தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். முதலில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் அம்போவென்று நிற்கக்கூடும். அதனால் விவரமான வக்கீல்கள் இரண்டாவது மனு நாளை ஒட்டியே பதிவை வைத்து, டிமாண்ட் டிராஃப்டை நீதிமன்றத்தில் நீதிபதி முன்னால் கைமாற்றச் சொல்வார்கள்.

வங்கிக்கு இது எதுவும் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட கடன், தீர்ப்பில் என்ன எழுதியிருந்தாலும் இரண்டு பேர் கடன்தான். வைத்துக்கொள்கிறவரின் தனிச் சம்பளத்துக்குக் கடன் தகுதி இருக்கிறதா என்று வங்கி மறுபடி பார்த்து, புதிய கடனாக மாற்றினால்தான் மற்றவர் பெயர் விடுபடும். இல்லையென்றால் வீட்டை வைத்துக்கொண்டவர் ஒரு தவணை தவறும் ஒவ்வொரு முறையும் வெளியேறியவரின் சிபில் கடன் மதிப்பெண் விழும். இவர் தனக்கென்று ஒரு சிறு வீட்டுக்குக் கடன் கேட்டுப் போகும் நாளில்தான் அது தெரியவரும். பழைய கடன் முடிந்து அசல் பத்திரம் கைக்கு வந்ததும், வங்கிக்கு எழுதிக்கொடுத்திருந்த எம்ஓடி எனப்படும் பத்திர ஒப்படைப்பு ஆவணத்துக்கான ரத்து ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டு அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.